பெண்கள் நாடக வாசிப்பு: மலையூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் பெண்கள் சிலர் சேர்ந்து நாடகம் வாசிக்கவும், துணிவு வந்தால் நடிக்கவும் நினைத்தால் வரும் கேள்விகள் இவை. கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நல்ல நாடகம் எது என்பதைச் சொல்வதோடு, அதைக் கையில் எடுத்தால் எங்கே சிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

நாடகத்தை வீட்டில் தனியாகப் படித்தால் போதாதா? கூடி உட்கார்ந்து ஏன் வாசிக்க வேண்டும்?

நாவலைத் தனியாகப் படிக்கலாம். நாடகத்தில் பாதிதான் தாளில் இருக்கும். மீதி, ஒருத்தி பேசும்போது பக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறாள் என்பதில் இருக்கிறது. பேசாமல் நிற்கும் பாத்திரத்தைக் கண் தாண்டிப் போய்விடும். கூடி வாசித்தால், இரண்டு பக்கமாகப் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் தோழியைப் பார்த்ததும் அந்தப் பாத்திரம் நினைவுக்கு வரும். பெண் பாத்திரங்கள் நிறைய நாடகங்களில் இப்படித்தான் இருக்கிறார்கள்: மேடையில் இருப்பார்கள், வசனம் இருக்காது.

எத்தனை பேர் வேண்டும்? எப்படி நடத்துவது?

ஆறு முதல் ஒன்பது பேர். அதற்குமேல் போனால் பாதிப் பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பிரதி கட்டாயம். இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்றால் தாள் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் வாசிப்பார். எழுத்து 14 அளவு, வசனத்துக்கு வசனம் ஒரு வரி இடைவெளி, பக்க எண். பக்க எண் போடாத பிரதியால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர் இருக்கட்டும். நன்றாக வாசிப்பவருக்கே கதாநாயகி என்று விட்டுவிட்டால் மூன்றாவது கூட்டத்துக்கு மற்றவர்கள் வரமாட்டார்கள். காட்சிக்குக் காட்சி பாத்திரத்தை மாற்றுங்கள். முதல் சுற்றில் நடிப்பு வேண்டாம், குரல் ஏற்ற இறக்கம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் பேச்சு தொடங்கினால் அது கதைச்சுருக்கமாகவே முடியும். ஆகவே ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்து இரண்டாம் முறை வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

முதல் நாடகமாக எதை எடுக்கலாம்?

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1916ல் எழுதிய 'ட்ரைஃபிள்ஸ்'. தமிழில் 'சில்லறை விஷயங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். ஓரங்க நாடகம், ஐந்தே பாத்திரங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கதை இதுதான். ஒரு பண்ணை வீட்டில் கணவன் கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டிருக்கிறான். மனைவி காவலில் இருக்கிறாள். மேடைக்கு அவள் வருவதே இல்லை. அரசு வக்கீலும் ஷெரீஃப்பும் பக்கத்துப் பண்ணைக்காரரும் கொலைக்குக் காரணம் தேடி மாடிக்கும் கொட்டகைக்கும் நடக்கிறார்கள். உடன் வந்த இரண்டு பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். ஆண்கள் 'சமையல் சாமான்' என்று தள்ளிவிட்ட இடத்திலேயே அத்தனை தடயமும் கிடக்கிறது: நேர்த்தியான தையலில் திடீரென்று தாறுமாறாகப் போன நாலு இழை, கதவு பிய்ந்த பறவைக் கூண்டு, தையல் பெட்டிக்குள் கழுத்து திருகிச் செத்த கானரிப் பறவை. இரண்டு பெண்களும் கண்டுபிடிக்கிறார்கள், சொல்லாமல் மறைக்கிறார்கள். சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றால் வாசிப்பு நன்றாக நடந்தது என்று பொருள்.

மலையில் இந்த நாடகத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. அடுப்பு அணைந்துபோன வீட்டில், குளிரில் உறைந்து பழப்பாகு ஜாடிகள் வெடித்திருக்கும். மதுரையில் வாசித்தால் அதை விளக்க வேண்டும். ஜனவரியில் புல்மேல் உறைபனி பார்க்கிற ஊட்டிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை.

அதில் கடைசி வசனம் ஒரு சிலேடை என்கிறார்களே, தமிழில் வருமா?

ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாகவே வரும் என்பது எங்கள் கருத்து. கொலையாளி என்று சொல்லப்படுகிறவள் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப்போர்வையை இழையோட்டித் தைப்பாளா, முடிச்சுப் போட்டு நிறுத்துவாளா என்று பெண்கள் பேசுவதைக் கேட்டு ஆண்கள் சிரிப்பார்கள். கடைசியில் வக்கீல் கேலியாக அதையே கேட்க, ஒருத்தி 'முடிச்சுதாங்க' என்பாள். தையலின் முடிச்சு, கழுத்தில் விழுந்த கயிற்றின் முடிச்சு என்று இரண்டு பொருள் மூலத்தில் உண்டு. தமிழில் மூன்றாவதும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்: தாலியின் மூன்று முடிச்சு. அதற்காக 'மூணு முடிச்சு' என்று வெளிப்படையாக எழுதிவிடாதீர்கள். ஒற்றைச் சொல்லாக விட்டால் கூட்டமே எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம். நம்மிடம் வாதாடுகிற பெண் மேடையில் உண்டா?

உண்டு, அதுவும் பழையது. 'மணிமேகலை'யின் 27ஆவது காதையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஆண் துறவியின் வேடம் பூண்டு, அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் போய் 'உன் கொள்கையைச் சொல்' என்று கேட்கிறாள். கேள்வி கேட்க ஆண் வேடம் தேவைப்பட்டது என்பதே ஒரு மணி நேரம் பேசக்கூடிய விஷயம். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிற பூதவாதியிடம், 'உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அன்றி வேறெப்படி அறிந்தாய்?' என்று அவள் மடக்கும் இடம் அப்படியே மேடைக்கு எழுதியது போல இருக்கும்.

வாசிக்கும்போது வரும் சிக்கல்: பத்து வாதிகளின் பேச்சையும் முழுதாக வைத்தால் நாற்பதாவது நிமிடத்தில் எல்லோரும் டீ கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு வரி போதும். மூலச் செய்யுளில் இரண்டு வரியை ஒருவர் உரக்கச் சொல்லட்டும், மீதியைப் பேச்சு நடையில் வையுங்கள். பூதவாதி பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

'நீலகேசி' இன்னும் கூர்மை. சமணக் காப்பியம், பத்துச் சருக்கம், முதல் சருக்கம் தவிர மற்ற ஒன்பதும் வாதச் சருக்கங்கள். அவளுடைய முதல் எதிராளியும் பெண்தான், பௌத்தத் துறவி குண்டலகேசி. இரண்டு பெண்கள் தத்துவத்துக்காகச் சபையில் மோதிக்கொள்ளும் காட்சி உலக இலக்கியத்திலேயே அபூர்வம். நாடகக்காரர்கள் இதை இத்தனை நாள் விட்டுவைத்திருப்பது ஏனென்று புரியவில்லை.

'வள்ளி திருமணம்' நாடகத்தில் வரும் தர்க்கத்தை இதில் சேர்க்கலாமா?

சேர்க்காமல் எப்படி? பழனி அடிவாரத்திலும் திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டைப் பக்கமும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் உயிரே அந்தத் தர்க்கம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாட்டும் கதையும் அடித்தளம். அதன்மேல் நாரதரும் வள்ளியும் புராணத்திலிருந்தும் நடப்பிலிருந்தும் கேள்வி வீசிக்கொள்வார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். கூட்டு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் (நாயகன் வேடம்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேடம்) அன்றைக்குத்தான் மேடையில் சந்திப்பதும் உண்டு. அப்படியிருந்தும் மணிக்கணக்கில் தர்க்கம் ஓடுகிறதென்றால் அந்த நடிகையின் தலைக்குள் எவ்வளவு பாட்டும் புராணமும் இருக்க வேண்டும்? அவருக்குப் பண்டிதை என்ற பட்டம் யாரும் கொடுப்பதில்லை.

சூசன் சைசர் என்ற மானுடவியலாளர் மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி 2005ல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த முரணைத்தான் பிடிக்கிறது. மேடையில் கைதட்டு, மேடையை விட்டு இறங்கினால் ஏச்சு. இரவில் நாடகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் நடிகைகள் தங்களை எப்படியெல்லாம் மறைத்துக் காத்துக்கொள்கிறார்கள் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். பபூனும் (கோமாளி) நடனக்காரியும் சேர்ந்து வரும் பபூன்–டான்ஸ் காட்சியின் நகைச்சுவை யாரைச் சுட்டுகிறது என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள்.

பெண் வேடத்தை ஆண்கள் கட்டியது ஏன்? எப்போது மாறியது?

பெண் மேடை ஏறினால் 'குடும்பப் பெண்' இல்லை என்ற எண்ணம் ஒரு காரணம். கம்பெனி நிர்வாகம் மற்றொன்று. சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் ஒரே இடத்தில் தங்கி, பாடம் படித்து, ஊர் ஊராகப் போனார்கள். ஸ்திரீபார்ட் சிறுவனுக்கு எதிரி மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது. உடைந்தால் வேடம் போய்விடும். 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையிலும், படித்த கனவான்களே பெண் வேடம் போட்டார்கள்.

எல்லாம் ஆண்கள் கையில் இருந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) மேடையில் பேர் வாங்கியபின், 1935ல் வந்த திரைப்படத்தில் ஆணான நந்தனாராகவே நடித்தார். 1951ல் சட்டமேலவை உறுப்பினருமானார். லண்டன் மேடையில் பெண்கள் தொழில்முறையாக நடிக்கத் தொடங்கியதே 1660க்குப் பிறகு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே பாத்திரத்தை வைத்து இந்த மாற்றத்தைக் காட்ட முடியுமா?

ஔவை. இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதலில் டி.கே. சண்முகம் (1912–1973) என்ற ஆண் மேடையில் கிழவி ஔவையாக நடித்து, 'அவ்வை' என்ற பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. சென்னையில் சாலைக்கும் அந்தப் பெயர்தான். 1953ல் ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஔவையானார். இருவருமே நீதி சொல்லும் பாட்டி. பிறகு கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை' நாடகம் சங்க காலத்து ஔவையைத் தேடிப் போனது: பாணர் மரபில் வந்த இளம்பெண், ஆடிப் பாடும் விறலி, அரசனோடு நட்புக்கொண்டு கள்ளும் உணவும் பகிர்ந்தவள்.

அது வெறும் கற்பனையில்லை. சங்கத் தொகையில் ஔவையார் பெயரில் 59 பாட்டுகள் இருக்கின்றன. புறநானூறு 235ல், சிறிதளவே கள் கிடைத்தால் அதியமான் அதைத் தனக்கே கொடுத்துவிடுவானே என்று அவர் அழுகிறார். 95ஆம் பாட்டில் தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்கிறார். அந்த இரண்டையும் முதலில் வாசியுங்கள், பின் ஆத்திசூடியை எடுங்கள், அதன்பின் நாடகத்துக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் பாட்டி உருவம் மனதை விட்டு இறங்காது.

மங்கை 1979க்குப் பிந்தைய இந்திய நாடகத்தில் பாலினம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2015ல் வந்தது. நாடகம் இயக்குகிறவரே எழுதியது என்பதால், ஒத்திகையில் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்த கை அதில் தெரியும்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃப் எழுதிய 'தனக்கென ஓர் அறை' நாடகமே இல்லையே?

இல்லைதான். ஆனால் 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசிய பேச்சிலிருந்து விரிந்து 1929ல் நூலானது; உரக்க வாசிக்க ஏற்றது. ஆறு அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் தொடங்கினால், புல்வெளியில் நடக்காதே என்று விரட்டப்படுவதும் நூலகத்துக்குள் விடாததும் சாப்பாட்டு வர்ணனையும் நீளமாகப் போகும். பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். மூன்றாவதில் தொடங்குங்கள். ஷேக்ஸ்பியருக்கு ஜூடித் என்று ஒரு தங்கை இருந்து, அவளுக்கும் அதே திறமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வுல்ஃப் கற்பனை செய்யும் பகுதி அது. நாடகக் கொட்டகை வாசலில் நின்று நடிக்க வேண்டும் என்கிறாள்; ஆண்கள் சிரிக்கிறார்கள். பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பலாம்.

ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும் வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தோட்டத்து லைன் வீட்டில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வாரத்தில் எத்தனை முறை கிடைக்கிறது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு தாளில் எண்ணை மட்டும் எழுதி நடுவில் போடச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

இதோடு சேர்த்து வை.மு. கோதைநாயகியை (1901–1960) வாசிக்கலாம். அவர் முதலில் எழுதியது 1924ல் வந்த 'இந்திர மோகனா' என்ற நாடகம். சரளமாக எழுத வராத நிலையில், அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள், 'ஜகன்மோகினி' இதழ். அவருக்குக் கிடைத்தது அறையைவிட ஒரு தோழி.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' இன்னும் எடுபடுமா?

1879 டிசம்பர் 21ல் கோபன்ஹேகனில் அரங்கேறியது. கணவனின் உயிரைக் காக்க, தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கும் நோரா; அன்றைய நார்வேயில் கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாது. மகளிர் குழுக் கடன், ஜாமீன் கையெழுத்து எல்லாம் தெரிந்த பெண்களுக்கு முதல் அங்கத்திலேயே பிடி கிடைத்துவிடும். கடைசியில் அவள் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நடிக்க மாட்டேன் என்றதால், நோரா வீட்டிலேயே தங்கிவிடும் முடிவு ஒன்றை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார். இரண்டு முடிவையும் வாசித்துவிட்டு, உங்கள் ஊரில் எதைப் போட முடியும் என்று கேளுங்கள். எதைப் போட வேண்டும் என்பது வேறு கேள்வி, அதையும் கேளுங்கள்.

நடிப்பதானால் கதவுச் சத்தம்தான் கழுத்தறுப்பு. துணிப் படுதாவில் வரைந்த கதவைச் சாத்தினால் படுதா ஆடும், கூட்டம் சிரிக்கும். நாடகமே அந்த ஒரு சத்தத்தில் முடிகிறது. மண்டபத்தின் உண்மையான கதவு பார்வையாளருக்குப் பின்னால் இருந்தால் நோரா கூட்டத்தின் நடுவே நடந்து அதன் வழியாகவே போகட்டும். இல்லையென்றால் திரைக்குப் பின்னால் தடித்த இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்து ஒருவர் அடிக்கலாம். ரெக்கார்டு செய்த சத்தம் வேண்டாம். மின்சாரம் போகும் நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கில நாடகாசிரியை காரில் சர்ச்சிலின் 'டாப் கேர்ள்ஸ்' கஷ்டம் என்கிறார்களே?

கஷ்டம்தான், ஆனால் முதல் அங்கத்தை மட்டும் வாசிக்கலாம். 1982ல் லண்டனில் அரங்கேறியது; 16 பாத்திரங்களை ஏழு நடிகைகள் நடித்தார்கள், ஆணே கிடையாது. பதவி உயர்வு பெற்ற மார்லீன் ஒரு விருந்து கொடுக்கிறாள். வருகிறவர்கள்: ஆண் வேடத்தில் போப்பாண்டவரானதாகச் சொல்லப்படும் ஜோன், பயணி இசபெல்லா பேர்ட், ஜப்பானிய அரசவைப் பெண் நிஜோ, புரூகல் ஓவியத்திலிருந்து டல் கிரெட், கதையில் வரும் பொறுமைசாலி கிரிசெல்டா. ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுவார்கள். எந்த இடத்தில் அடுத்தவர் நுழைய வேண்டும் என்று சர்ச்சில் சாய்கோடு போட்டுக் காட்டியிருப்பார்.

தமிழில் இங்கேதான் உடையும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. போனாளா, போகவில்லையா என்பதே கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆங்கிலச் சாய்கோட்டை அதே இடத்தில் வைத்தால் அடுத்தவர் குரல் அந்த வினையை விழுங்கிவிடும், கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு வழி உண்டு. வினையை முன்னால் இழுத்து, 'போயிட்டேன் நான், அன்னிக்கு ராத்திரியே, பிள்ளையையும் விட்டுட்டு' என்று பேச்சு நடையில் எழுதி, வால் பகுதியின்மேல் அடுத்தவரை நுழைக்கலாம். அல்லது வாக்கியத்தை மூன்று சிறு துண்டாக்கிக் கடைசித் துண்டை மட்டும் பலி கொடுக்கலாம். முதல் வழிதான் காதுக்கு இயல்பு.

பயிற்சிக்கு: அதே மேசையில் காரைக்காலம்மையார், நீலகேசி, அல்லி ராணி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எல்லோரும் தங்கள் வரலாற்றை ஒப்பித்துவிட்டு உட்காருவதே வழக்கமாக நடக்கும் தவறு. 'அக்கா, நீங்க சொல்றது இருக்கட்டும்' என்று ஒருவரையொருவர் வெட்ட வேண்டும்.

நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் 'அமைதி! கோர்ட் நடக்கிறது'?

மராத்தியில் 1967. விளையாட்டாக நடத்தும் ஒரு போலி விசாரணை, ஆசிரியை பெனாரேயின் உண்மை வாழ்க்கையைக் கிழித்துப் போடும். பெனாரேயை வாசிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் கொடுங்கள்.

திருநங்கையர் எழுத்து, மேடை?

ஆ. ரேவதியின் 'வெள்ளை மொழி' தன்வரலாறு. அதையே தனிநபர் நாடகமாக அவரே நடித்தும் வருகிறார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா'வும் அவசியம். இவற்றைப் பாத்திரம் பிரித்து 'நடித்துப்' பார்க்காதீர்கள். வாழும் மனிதரின் சொந்த வாக்குமூலம். ஒரே குரலில் அமைதியாக வாசித்தால் போதும். கூத்திலும் நாடகத்திலும் ஆண் பெண் வேடம் கட்டுவதையும் திருநங்கையாக வாழ்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இந்த இடத்தில் வழக்கமாக வரும் பிழை.

நம் மலையைப் பற்றி என்ன வாசிக்கலாம்?

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', படகர் வாழ்வில் தேயிலையும் புதிய காலமும் நுழைந்ததைச் சொல்லும் நாவல். மின்துறைப் பொறியாளரின் மனைவியாக நீலகிரிக்கு வந்தவர், இங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து எழுதினார். அவருடைய 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மையைப் பற்றியது: தலைமுடி வெட்டி, ஆண்போல் உடுத்தி, தஞ்சை விவசாயத் தொழிலாளரிடையே வேலை செய்தவர். உடைக்கும் அறிவுக்கும் என்ன உறவு என்று பேச இதைவிட நல்ல நூல் தெரியவில்லை. மணிமேகலையின் ஆண் வேடத்துக்கு அடுத்த வாரம் இதை வையுங்கள்.

இலங்கை மலையகத்தில் மாசி மாதம் ஆடும் காமன் கூத்தில் காமனின் மனைவி ரதியின் வேடத்தை ஆண்கள் கட்டுவதே வழக்கம். இந்திய–இலங்கை 1964 ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் மூத்த பெண்கள் இருந்தால், ரதியின் புலம்பலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: 'மலை நாடகம்' என்றதும் தோடரின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளியை வாங்கிப் போர்த்திக்கொள்ளும் ஆசை வரும். அது அவர்களின் இறப்புச் சடங்கிலும் இடம்பெறும் துணி. வேடத்துக்கான பொருள் இல்லை.

பெண்கள் ஆண் வேடம் போடும்போது ஏன் கேலியாகிவிடுகிறது?

குரலைத் தடிப்பாக்குவதால். பத்து நிமிடத்தில் தொண்டை கட்டும், வசனமும் தெளியாது. குரலை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள்: பாதம் தோள் அகலத்துக்கு விலகி, எடை குதிகாலில், பேசுமுன் ஒரு கணம் நிறுத்தம், உட்காரும்போது இடத்தை நிறைத்து உட்காருவது. இடம் எடுத்துக்கொள்வதுதான் ஆண் வேடத்தின் பாதி. மீசை ஒட்டும் பசை குளிரில் காய நேரம் பிடிக்கும். மேடையேற 20 நிமிடம் முன்பே ஒட்டுங்கள்.

சின்ன மண்டபம்தான் இருக்கிறது. மேடை எவ்வளவு வேண்டும்?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அளவே இருக்கிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். கோலை ஒன்றரை அடியாகக் கொண்டால் 12க்குப் பத்தரை அடி, உயரம் ஒன்றரை அடி. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தாராளமாக அமையும். நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு வாயில். தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் இளங்கோ விடவில்லை. இன்றைக்கும் நடக்கும் தவறு அதுதான்: ஒரே டியூப்லைட் தலைக்கு மேல், நடிப்பவர் கண் இரண்டும் குழியாகத் தெரியும். இரு பக்கமும் தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு விளக்கு வைத்தால் சரியாகும்.

குளிரும் மழையும் என்ன செய்யும்?

நிறைய. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். அரிதாரம் குழைக்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். பறைத்தோல் ஈரக்காற்றில் தொய்ந்து சத்தம் மந்தமாகும். தீயில் காய்ச்ச மண்டபத்துக்கு வெளியே இடம் பார்த்து வையுங்கள். நனைந்த பருத்திச் சேலை மூன்று நாளானாலும் காயாது, மாற்று வேண்டும்.

மாதம்: கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் வேண்டாம். ஏப்ரல், மே சீசனில் மண்டபமும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. நேரம் பகல் இரண்டு மணி. ஸ்பெஷல் நாடகம்போல் விடிய விடிய நடத்த இங்கே முடியாது. இருட்டினால் காட்டெருமை, யானை, கடைசிப் பஸ். நாலரைக்கு முடித்தால் எல்லோரும் வெளிச்சத்தில் வீடு சேரலாம். தேயிலைக் கொழுந்து அதிகம் வரும் வாரங்களில் தோட்டப் பெண்களுக்கு ஞாயிறும் வேலை இருக்கலாம். தேதி வைக்குமுன் அவர்களைக் கேளுங்கள்.

உரிமை, அனுமதி ஏதாவது வேண்டுமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. இப்சன் (1906), வுல்ஃப் (1941), கிளாஸ்பெல் (1948), சங்கரதாஸ் சுவாமிகள், கோதைநாயகி எல்லாம் பொதுவுடைமை. ராஜம் கிருஷ்ணன் நூல்களை அவர் இருக்கும்போதே 2009ல் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. சர்ச்சில், டெண்டுல்கர், இன்குலாப் உரிமையில் இருக்கிறார்கள். பலர் விழும் குழி: இப்சன் பொதுவுடைமை என்பதால், அண்மையில் வந்த தமிழாக்கமும் அப்படித்தான் என்று நினைப்பது. மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. அமெச்சூர் குழு, டிக்கெட் வாங்காத பார்வையாளர்முன் நடித்தால் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தாலும் அந்த விலக்கு போய்விடும்.

மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதற்குத் தடை.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

சிலம்பு, மணிமேகலை, புறநானூறு மூன்றும் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசம். பழைய நாடகப் பிரதிகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஊட்டி மாவட்ட மைய நூலகத்தில் கேட்கும்போது 'நாடகம்' அலமாரியோடு 'வாழ்க்கை வரலாறு' அலமாரியையும் பாருங்கள். நடிகர், நடிகையரின் தன்வரலாறுகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். கொடைக்கானலில் 1984 முதல் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியார் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாமா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டில் 'நாடகமா?' என்று முகம் சுளிக்கிறார்கள். என்ன சொல்வது?

'வாசிப்பு' என்று சொல்லிவிட்டுத் தொடங்கியவர்கள் அதிகம். ஆனால் மேடையேறும் நாள் தெரிந்தே தீரும். அப்போது ஏமாற்றிவிட்டாய் என்ற பேச்சு வரும். முதல் வாசிப்புக்கே மாமியாரையும் அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைப்பது நல்லது. தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 'ட்ரைஃபிள்ஸ்' நாடகத்தில் அந்தத் தாறுமாறான தையலைப் பார்த்ததும், வக்கீலுக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிடும்.